வார்டா, கிளினிக்கா: பொது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு

பொது மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்த ஒருவர், இருதயம், சிறுநீரகம் என்று இன்னொரு சிறப்புப் பிரிவுக்குள் நுழைவதில்லை என்று தீர்மானித்துவிட்டால், அவருக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட உள்நோயாளிகளை மட்டுமே முழு நேரமாகக் கவனிக்கும் வார்டு மருத்துவராகச் சேரலாம். வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும் கிளினிக் பணியை ஏற்கலாம். அல்லது பழைய முறைப்படி காலையும் மாலையும் ரவுண்ட்ஸ், இடைப்பட்ட நேரத்தில் கிளினிக் என்று இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு தனிப் பயிற்சியைக் கேட்பது என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இந்தத் தேர்வைப் பெரும்பாலோர் சம்பளத்தையும் விடுமுறை நாட்களையும் அருகருகே எழுதிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அவை முக்கியமானவைதாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அந்த வேலையில் மனநிறைவோடு நிலைத்திருப்பாரா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று என்பது என் கருத்து. சிகிச்சை பாதியில் இருக்கும் நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவருடைய மனம் ஒப்புமா, அவ்வாறு ஒப்படைப்பதற்கு அந்த மருத்துவமனை ஒழுங்கான ஏற்பாடு வைத்திருக்கிறதா என்பவையே அந்தக் கேள்விகள்.

இரண்டு வேலைகளாகப் பிரிந்த கதை

நெடுங்காலம் இந்தத் தேர்வுக்கே இடம் இருக்கவில்லை. கிளினிக்கில் பார்த்த மருத்துவரே, அந்த நோயாளி மருத்துவமனையில் சேர்ந்தால் அங்கும் வந்து பார்ப்பார். இந்த ஏற்பாடு நடந்ததற்குக் காரணம், அன்றைய உள்நோயாளிகளில் பலர் ஓய்வுக்காகவும் பரிசோதனைக்காகவும் பல நாட்கள் படுத்திருந்தவர்கள் என்பதுதான். ஒரு நாளில் இருமுறை மருத்துவர் வந்து பார்த்தால் போதுமானதாக இருந்தது. வெளிநோயாளியாகவே முடித்துக்கொள்ளக் கூடிய சிகிச்சைகள் பெருகப் பெருக, படுக்கையில் இருப்பவர்கள் முன்பைவிட மோசமான நிலையில் இருப்பவர்களாகவும், முன்பைவிடக் குறைந்த நாட்களே தங்குபவர்களாகவும் மாறினார்கள். காலை பத்து மணிக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருப்பது பதினொன்றரைக்குத் தெரிய வந்தால், அதற்கு உடனே எதிர்வினையாற்ற வேண்டும். கிளினிக்கில் காத்திருக்கும் முப்பது பேரை விட்டுவிட்டு ஓடி வரும் மருத்துவர் இரண்டு இடத்திலும் குறை வைக்கிறார்.

இந்த நெருக்கடிக்கான தீர்வுக்கு அமெரிக்காவில் 1996-இல் ஒரு பெயர் கிடைத்தது. ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரையில், உள்நோயாளிகளுக்கு மட்டுமே பொறுப்பேற்கும் பொது மருத்துவரை 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று அழைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவர் அதே இதழில் மீண்டும் எழுதியபோது அந்த நாட்டில் அத்தகைய மருத்துவர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியிருந்தது. பிரிட்டன் சற்று வேறு திசையில் சென்றது: அங்கே நோயாளி சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களை மட்டும் கையாளும் 'அக்யூட் மெடிசின்' என்ற பிரிவு வளர்ந்து, 2009-இல் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. பிற நாடுகளில் பெயர் மாறினாலும், பெயரே இல்லாவிட்டாலும், வார்டிலேயே நாள் முழுவதும் இருக்கும் மூத்த மருத்துவர் ஒருவர் தேவை என்ற முடிவுக்கு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

வார்டு மருத்துவர் உண்மையில் என்ன செய்கிறார்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பயிற்சிக் காலத்தின் நீட்சியைப் போலத் தெரிகிறது. அதனால்தான் சிலர் இந்தப் பணியைச் சிறப்பு மருத்துவர்களுக்குக் குறிப்பெழுதிக் கொடுக்கும் வேலை என்று தவறாக மதிப்பிடுகிறார்கள். நடைமுறையில் வேலையின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது.

காலையில் இரவு மருத்துவரிடமிருந்து பொறுப்பை வாங்கியதும் எடுக்கும் முதல் முடிவே, யாரை முதலில் பார்ப்பது என்பதுதான். மூச்சுத் திணறல் கூடியிருப்பவரிடம் முதலில் செல்ல வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அடுத்து, இரவில் சேர்ந்த, இன்னும் நோய் இன்னதென்று தெளிவாகாத நோயாளியிடம் போவதா, இன்று டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவரைப் பார்த்து அனுப்பிப் படுக்கையைக் காலி செய்வதா என்பது ஒவ்வொரு நாளும் எழும் இழுபறி. டிஸ்சார்ஜ் தாமதமானால் அவசர சிகிச்சைப் பிரிவில் இன்னொருவர் தள்ளுபடுக்கையிலேயே காத்திருப்பார். தன் கண்ணில் படாத அந்த நோயாளியும் தன் பொறுப்பின் விளிம்பில்தான் இருக்கிறார் என்ற உணர்வு கிளினிக் வேலையில் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

பிறகு வருவது, பல சிறப்பு மருத்துவர்களின் கருத்துகளை ஒரே நோயாளியின் உடலில் பொருத்திப் பார்க்கும் வேலை. இருதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கும் முதியவர் ஒருவருக்கு, நுரையீரலில் தேங்கிய நீரை இறக்க மருந்தின் அளவைக் கூட்டச் சொல்கிறார் ஒருவர். சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்த அளவு ஏறுவதைக் கண்டு குறைக்கச் சொல்கிறார் மற்றவர். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால், அந்த மருந்தை எப்போது நிறுத்துவது, எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்பதில் இரண்டு துறைகளின் அக்கறைகள் எதிரெதிராக இருக்கின்றன. இருவர் சொல்வதும் அவரவர் துறைக்குள் சரியே. அந்த நோயாளியின் கால் வீக்கம், நேற்றைய சிறுநீர் அளவு, வீட்டில் மருந்து கொடுக்க ஆள் உண்டா என்பவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்து, இன்று இந்த அளவு, நாளை காலை மீண்டும் பார்க்கலாம் என்று முடிவெடுப்பவர் வார்டு மருத்துவர். இந்த இடம் பிடித்திருந்தால் இந்தப் பணி பிடிக்கும்; இது தலைவலியாகத் தோன்றினால், எவ்வளவு விடுமுறை கிடைத்தாலும் பிடிக்காது.

அறுவை சிகிச்சைப் பிரிவுகளுடன் சேர்ந்து நோயாளிகளைக் கவனிப்பதும் இந்தப் பணியில் பெருகிவரும் பங்கு. இடுப்பெலும்பு முறிந்து வரும் எண்பது வயதுக்காரரின் எலும்பை எலும்பு மருத்துவர் சரிசெய்வார். அவருடைய சர்க்கரை, அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பம், நுரையீரல் தொற்று ஆகியவற்றை வார்டு மருத்துவர் பார்ப்பார். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லைகள் எழுதப்படாத இடங்களில், அறுவைப் பிரிவு தனக்கு வேண்டாத வேலை அனைத்தையும் இந்தப் பக்கம் தள்ளிவிடும் வாய்ப்பும் உண்டு.

மீதி நேரம் பேச்சில் கழிகிறது: செவிலியருடன், மருந்தாளுநருடன், நோயாளியின் உறவினர்களுடன். முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம், சந்தித்த இரண்டாம் நாளே, செயற்கை சுவாசம் தேவைப்பட்டால் வைக்கலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டிய நிலை வார்டு மருத்துவருக்கு அடிக்கடி வருகிறது. பல ஆண்டுப் பழக்கம் தரும் நம்பிக்கையை அவர் பத்து நிமிடத்தில் ஈட்ட வேண்டும். இது கற்றுக்கொள்ளக் கூடிய திறமைதான், எனினும் ஒவ்வொரு முறையும் மனத்திலிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது.

கிளினிக்கில் காலத்தின் அளவு வேறு

கிளினிக் மருத்துவருக்குக் கருவிகள் குறைவு, காலம் அதிகம். தலைசுற்றல் என்று வரும் ஒருவரை உடனே படுக்க வைத்து எல்லாப் பரிசோதனையும் செய்யத் தேவையில்லை. ஆபத்தான அறிகுறிகள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லலாம். நோய் தன்னை வெளிப்படுத்தவோ தானாக மறையவோ அந்த ஒரு வாரம் பெரும்பாலும் போதும். மறுபுறம், இந்த முடிவை எடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு தனிமை இருக்கிறது: இரவில் நாடித்துடிப்பைப் பார்க்கச் செவிலியர் யாரும் அங்கே இல்லை. நிச்சயமின்மையைத் தாங்கும் மனவலிமை வார்டைவிடக் கிளினிக்குக்கே அதிகம் தேவை என்று நான் நினைக்கிறேன். பொதுவான எண்ணம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

கிளினிக்கின் பலன்களும் மெதுவாகவே தெரிய வருகின்றன. இரத்த அழுத்தத்தைப் பத்தாண்டுகள் கட்டுக்குள் வைத்திருந்ததால் பக்கவாதம் வராத நோயாளி, வராத அந்த நோய்க்காக யாருக்கும் நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் அதே நோயாளி தன் தாயையும், பிறகு தன் மகனையும் அழைத்து வருவார். வார்டு மருத்துவருக்கு இந்த அனுபவம் கிடைப்பதேயில்லை. தான் காப்பாற்றிய நோயாளி ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, மீண்டும் மோசமாகி வந்தால் மட்டுமே தெரியும்.

எழுத்து வேலையைப் பொறுத்தவரை கிளினிக்கை யாரும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 57 மருத்துவர்களின் வெளிநோயாளிப் பணியை நேரில் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வொன்று, நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டது. வார்டிலும் எழுத்து வேலை உண்டு, ஆனால் பணி நேரம் முடிந்ததும் அது முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். கிளினிக்கின் மீதி வேலை மருத்துவருடன் வீட்டுக்கு வருகிறது.

ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு

வார்டுப் பணியை நோக்கி இளம் மருத்துவர்களை ஈர்ப்பதில் இந்த அட்டவணைக்குப் பெரும் பங்கு உண்டு. தொடர்ந்து ஏழு நாட்கள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அடுத்த ஏழு நாட்கள் முழு ஓய்வு. ஆண்டில் பாதி நாட்கள் விடுமுறை என்று கேட்கும்போது அது பெரிய சலுகையாகத் தோன்றுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், வேலை வாரத்தில் 84 மணி நேரம் வருகிறது. இரண்டு வாரங்களின் சராசரி 42 மணி நேரம். அதாவது மொத்த உழைப்பு மற்ற அலுவலக வேலைகளைவிட அதிகம் குறைந்துவிடவில்லை, செறிவாகியிருக்கிறது. ஓய்வு வாரத்தின் முதல் நாள் அல்லது இரண்டு நாள் களைப்பைத் தீர்ப்பதிலேயே போய்விடும். ஆண்டின் வார இறுதி நாட்களிலும் பண்டிகைகளிலும் ஏறத்தாழ பாதி வார்டில் கழியும். பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ளவர்களுக்கு இந்த ஓய்வு, குழந்தைகள் வீட்டில் இல்லாத நாட்களில் கிடைக்கிறது என்ற சிக்கலும் உண்டு. பல இடங்களில் இந்த ஓய்வு வாரத்தையே காரணம் காட்டி, தனியாக ஆண்டு விடுப்பு தருவதில்லை.

நோயாளிக்கு இந்த அட்டவணையில் ஒரு நன்மை இருக்கிறது: ஏழு நாட்கள் ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பதால், தங்கும் நாட்கள் குறைவாக உள்ளவர்களுக்குக் கை மாறாமலேயே சிகிச்சை முடிந்துவிடுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மருத்துவர் மாறும் முறை மருத்துவருக்கு இதமானதாக இருந்தாலும், நோயாளியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்ற முறையை வைத்துக்கொண்டு வார இறுதியைச் சுழற்சியில் பகிரும் குழுக்களும் உண்டு. குடும்பஸ்தர்களுக்கு அதுவே ஏற்றது என்று தோன்றுகிறது.

நைட் டியூட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறக்கச் சுழற்சியைக் குலைக்கும் ஷிப்டு வேலையை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் எனக் கருதத்தக்க பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் இரவுப் பணியை மீண்டும் ஆராய்ந்தபோதும் அதே நிலையை உறுதிசெய்தது. களைப்பு நோயாளியையும் பாதிக்கிறது: தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட டியூட்டியையும் குறைக்கப்பட்ட டியூட்டியையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், நீண்ட டியூட்டியில் கடுமையான தவறுகள் சுமார் 36 விழுக்காடு கூடுதலாக இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் வாரச் சராசரி வேலையை 48 மணி நேரத்துக்குள் நிறுத்துகிறது. ஜப்பான் 2024 ஏப்ரலில்தான் மருத்துவர்களின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற பொது வரம்பைக் கொண்டுவந்தது, அதிலும் சில வகை மருத்துவமனைகளுக்கு 1,860 மணி நேரம் வரை விலக்கு அளித்தது. ஆகவே சட்டம் தன்னைக் காக்கும் என்று மட்டும் நம்பி ஒருவர் கையெழுத்திடக் கூடாது. இரவுகளுக்கென்றே தனியாக விரும்பி வரும் மருத்துவர்களை நியமித்திருக்கும் மருத்துவமனையும், பகலில் வேலை செய்தவரையே இரவில் 'ஆன் கால்' என்று எழுப்பும் மருத்துவமனையும் ஒரே பணிப்பெயரைத் தந்தாலும், அவை தரும் வாழ்க்கை ஒன்றல்ல.

நோயாளிக்கு எது நல்லது

தேர்ந்தெடுப்பவரின் மனச்சாட்சிக்கு இந்தக் கேள்வியும் முக்கியம். அமெரிக்காவின் 45 மருத்துவமனைகளில் சுமார் 77,000 நோயாளிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், வார்டு மருத்துவர்கள் பார்த்தவர்கள், மற்ற பொது மருத்துவர்கள் பார்த்தவர்களைவிடச் சராசரியாக 0.4 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு இந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டியது: முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் தரவுகளில் மருத்துவமனைச் செலவு 282 டாலர் குறைந்திருந்தாலும், வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் 332 டாலர் கூடுதலாகச் செலவானது, அவசரப் பிரிவுக்குத் திரும்பி வந்தவர்களும் அதிகம். 2017-இல் வெளியான ஆய்வில், நோயாளியை முன்பே அறிந்த குடும்ப மருத்துவரே வார்டிலும் பார்த்தபோது, தங்கும் நாட்கள் சற்றுக் கூடினாலும், வேறு பராமரிப்பு இல்லத்துக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்புவோர் அதிகமாகவும், 30 நாள் இறப்பு குறைவாகவும் இருந்தது.

இவை பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள். இரு தரப்பு நோயாளிகளும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வார்டு மருத்துவரின் பலவீனம் வார்டுக்குள் இல்லை, வாசலில் இருக்கிறது என்பதையே. டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளில் 41 விழுக்காட்டினரின் ஏதாவதொரு பரிசோதனை முடிவு அவர்கள் வீட்டுக்குப் போன பிறகே வருகிறது என்றும், அம்முடிவுகளில் ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் ஏதேனும் நடவடிக்கையைக் கோரக் கூடியவை என்றும் 2005-இல் ஓர் ஆய்வு கண்டது. அந்தத் தாள் யார் மேசைக்கு வர வேண்டும் என்பதற்கு விடை இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையான மருத்துவரும் நோயாளியைக் கைவிட நேரிடும்.

இதில் நல்ல செய்தி, ஒப்படைப்பைச் சரிசெய்ய முடியும் என்பது. 'ஐ-பாஸ்' என்ற ஒழுங்குபடுத்தப்பட்ட முறையில் நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்லுதல் என்ற வரிசையில் பொறுப்பை மாற்றப் பயிற்சியளித்த ஒன்பது மருத்துவமனைகளில், மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக் கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன என்று 2014-இல் பதிவானது.

இரண்டையும் சேர்த்தால்

தொடர்ச்சியும் வேண்டும், தீவிர நோயாளிகளும் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய முறை கவர்ச்சியாகத் தெரியும். வார்டில் இரண்டு மூன்று நோயாளிகளே இருக்கும் சிறிய மருத்துவமனைகளில் அது இன்றும் நன்றாகவே நடக்கிறது. எண்ணிக்கை கூடினால், மேலே சொன்ன பொட்டாசியம் பிரச்சினையே திரும்பி வரும். ஒரே நாளில் இரண்டையும் செய்யாமல், சில வாரங்கள் வார்டு, சில வாரங்கள் கிளினிக் என்று பிரித்துக்கொள்வது மேல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் மெல்ட்சர் 2012 முதல் நடத்திய திட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது: அடிக்கடி மருத்துவமனையில் சேரக் கூடிய சுமார் 200 நோயாளிகளை மட்டும் ஒரு மருத்துவருக்குக் கொடுத்து, அவர்களைக் கிளினிக்கிலும் வார்டிலும் அவரையே பார்க்க வைத்தார்கள். அறிவுக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் நோயாளிகளைக் குறைத்துக்கொள்ள நிறுவனம் முன்வந்தால் மட்டுமே சாத்தியம்.

என் தீர்ப்பு

பயிற்சி முடித்த உடனே முடிவெடுப்பவர், வேறு தடைகள் இல்லாவிட்டால், வார்டில் தொடங்குவது நல்லது என்று சொல்வேன். தீவிர நோயாளிகளைக் கையாளும் வேகமும், முதுகுத் தண்டு நீர் எடுப்பது போன்ற கைத்திறன்களும் பயன்படுத்தாவிட்டால் விரைவில் மங்கும். ஐந்து ஆண்டுகள் கிளினிக்கில் இருந்தவர் வார்டுக்குத் திரும்புவது, வார்டிலிருந்து கிளினிக்குக்குப் போவதைவிடக் கடினம். ஐம்பது வயதுக்குப் பின் இரவுப் பணி பலருக்குத் தாங்காது என்பதும் உண்மை. வார்டில் நெடுங்காலம் இருக்க விரும்புபவர் தரக் கண்காணிப்பு, பயிற்றுவித்தல், நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றை நாற்பதுகளிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். டியூட்டி முடிந்த பின்னும் 'அந்த நோயாளி என்ன ஆனார்' என்று இரவு பத்து மணிக்கு வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பவர் என்று தன்னை அறிந்தவர், தயங்காமல் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அனுமதி பெற்று ஒரு காலை ஒப்படைப்பின்போது அந்த வார்டில் நின்று பார்க்க வேண்டும். அது இரைச்சல் இல்லாத இடத்தில், எழுதிய பட்டியலுடன், கேள்வி கேட்க நேரம் கொடுத்து நடக்கிறதா, அல்லது லிஃப்ட் வாசலில் நின்றபடி இரண்டு வரியில் முடிகிறதா என்பது, நேர்முகத் தேர்வில் சொல்லப்படும் எதையும்விட அதிகம் சொல்லும். ஒரு மருத்துவருக்குப் பகலில் எத்தனை நோயாளிகள் என்று கேட்க வேண்டும். பதினைந்தைச் சுற்றி இருந்தால் பேசலாம், இருபதைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட இடம் என்றால் சம்பளம் ஏன் அதிகமாக இருக்கிறது என்பது புரிந்துவிடும். புதிய நோயாளிகளை ஏற்பதற்கு நாளொன்றுக்கு வரம்பு உண்டா, சக மருத்துவர் திடீரென விடுப்பு எடுத்தால் அவருடைய நோயாளிகள் யாருக்குப் போவார்கள், டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முடிவுகளை யார் பார்ப்பது, மாதத்துக்கு எத்தனை இரவுகள் என்ற நான்கையும் வாய்ச்சொல்லாக வாங்காமல் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரவுகளின் எண்ணிக்கையை மட்டும் எழுத மறுப்பார்களானால், அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் மருத்துவர்களிடம் கடந்த மூன்று மாத டியூட்டிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.